இணைய சேவை நிறுவனங்களும் செய்தித்தாள்களின் சார்பும்: 2015-16 விவாதம் குறித்து

இந்திய இதழியல் வரலாற்றில், செய்தித்தாள்கள் தாம் எழுதும் பொருளிலேயே ஒரு தரப்பாக நின்ற காலங்கள் உண்டு. 1882இல் தோன்றிய சுதேசமித்திரனும் 1906இல் தோன்றிய இந்தியா இதழும் தம் சார்பினை மறைத்துக்கொண்டு எழுதியவை அல்ல. இதழ் எப்பக்கம் நிற்கிறது என்பதை அறிந்தே மக்கள் அவற்றைப் படித்தனர். இணைய சேவை பற்றி 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் நாட்டில் எழுந்த விவாதத்திலும் செய்தித்தாள்கள் ஒரு தரப்பாக நின்றன. ஆயின் இங்கே சார்பு கொள்கையினால் மட்டும் வந்ததன்று; வணிகத்தினாலும் வந்தது. ஆகவே இந்நிகழ்வு தனியே ஆராயத்தக்கது.

பொதுமக்களுக்கான இணைய சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. 1998இல் தனியார்க்கும் வழி திறக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்போவே முதல் தனியார் சேவை நிறுவனமாயிற்று. மறு ஆண்டிலேயே அந்நிறுவனம் இந்தியாவேர்ல்டு என்னும் இணையதளக் குழுமத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்க உடன்பாடு செய்துகொண்டது. சமாச்சார் என்னும் செய்தித் தொகுப்புத் தளமும் அக்குழுமத்தில் அடங்கும். அன்றைய பேச்சு பெரிதும் விலையைப் பற்றியதாகவே இருந்தது. செய்தியைக் கொண்டுசெல்லும் கம்பியும் செய்தியும் ஒரே கையில் சேர்வதன் பொருள் பதினைந்து ஆண்டுகள் கழித்தே விளங்கலாயிற்று.

2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனம் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து இன்டர்நெட்.ஆர்க் என்னும் திட்டத்தை இந்தியாவில் தொடங்கியது. முதலில் அது நடைமுறைக்கு வந்த மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. குறிப்பிட்ட சில தளங்களைத் தரவுக் கட்டணமின்றிப் பார்க்கலாம், ஏனையவற்றுக்குப் பணம் கட்டவேண்டும் என்பதே இதன் அமைப்பு. இலவசத் தளங்களின் பட்டியலில் டைம்ஸ் ஆஃப் இந்தியா, என்டிடிவி, இந்தியா டுடே, ஜாக்ரண், பிபிசி ஆகியவற்றோடு தமிழில் மாலை மலரும் இடம்பெற்றிருந்தது. ஒரு செய்தித் தளம் இப்பட்டியலில் இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் வேறுபாடு மிகுதி. கட்டணம் செலுத்த இயலாத வாசகர் உள்ளே இருக்கும் இதழை மட்டுமே காண்பார். ஆகவே இத்திட்டம் நல்லதா தீயதா என்று எழுதிய இதழ்கள் பலவும் தம் வருவாயைப் பற்றியே எழுதின எனலாம்.

அவ்வாண்டு மார்ச்சு 27ஆம் நாள் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இணைய வழிச் சேவைகளைப் பற்றிய கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. ஏப்ரலில் ஏர்டெல் நிறுவனம் ஏர்டெல் ஜீரோ என்னும் ஒத்த திட்டத்தை அறிவித்தது. எதிர்ப்பு வலுத்தது, ஆணையத்திற்குப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் சென்றன. ஏர்டெல் திட்டத்தில் சேர இருந்த ஃபிலிப்கார்ட் பின்வாங்கியது.

ஏப்ரல் நடுவில் டைம்ஸ் குழுமம் விடுத்த அறிக்கையே இவ்வரலாற்றில் மிகுந்த கவனத்திற்குரியது. இணையச் சமநிலையைத் தான் ஆதரிப்பதாக அக்குழுமம் கூறியது. மகாராஷ்டிரா டைம்ஸ், டைம்ஸ்ஜாப்ஸ் ஆகியவற்றைத் திட்டத்திலிருந்து விலக்கியது. ஆயின் டைம்ஸ் ஆஃப் இந்தியா, தன் நேர்ப் போட்டியாளர்களும் விலகினால்தான் விலகும் என்றது. கொள்கை ஒன்று, அதனைக் கடைப்பிடிப்பது போட்டியாளரைப் பொறுத்தது! இதனை எள்ளுவது எளிது. ஆனால் வேறு எந்த ஆவணமும் சொல்லாத உண்மையை அவ்வறிக்கை சொல்லிவிட்டது. தனியே விலகும் இதழ் வாசகரை இழக்கும், விலகாத இதழ் அவர்களைப் பெறும் என்னும் கணக்கு அந்நிபந்தனையில் அடங்கியிருந்தது. பட்டியலில் இருந்துகொண்டே எதுவும் சொல்லாதிருந்தவர்களைவிட, நிபந்தனையை அச்சிட்டுக் கொடுத்தவர் வாசகருக்கு நன்மையே செய்தார்.

எதிர்த் தரப்பிலும் சார்பு இருந்தது. மீடியாநாமா என்னும் தொழில்துறைச் செய்தித் தளத்தின் நிறுவனர் நிகில் பஹ்வா, இணையத்தைக் காக்கும் இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர். செய்தியாளரே இயக்கத்தவரும் ஆனார். அவர் நிலைப்பாடு அனைவரும் அறிந்தது; எனவே படிப்பவர் அதனைக் கழித்துக்கொண்டு படிக்க இயன்றது. எனினும் இயக்கச் சார்புடைய எழுத்தில் ஒரு குறை உண்டு. தரவுக்குப் பணம் கட்டவே இயலாத சிற்றூர் வாசகர், தன் மொழியில் இணையத்தை முதன்முறை காண்பவர் ஆகியோரின் நிலை அவ்வெழுத்தில் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துபோயிற்று. அவ்விடத்தை ஃபேஸ்புக்கின் விளம்பரங்கள் நிரப்பின.

விளம்பரமும் தலையங்கமும் மோதிக்கொள்வது உண்டு. 2015 டிசம்பரில் அது நாள்தோறும் நடந்தது. திட்டத்திற்கு அதற்குள் ஃபிரீ பேசிக்ஸ் என்று பெயர் மாறியிருந்தது. வேறுபட்ட தரவுக் கட்டணம் பற்றி ஆணையம் டிசம்பர் 9ஆம் நாள் புதிய கலந்தாய்வைத் தொடங்கவே, நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. டிசம்பர் 28 அன்று மார்க் ஸக்கர்பெர்க் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில், தம் திட்டத்தை நூலகத்தோடும் பொது மருத்துவமனையோடும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினார். பஹ்வாவின் மறுப்பும் அந்நாளேட்டிலேயே வெளிவந்தது. இரு தரப்புக்கும் இடம் தந்தது முறையே. ஆயினும் ஒரு தரப்புக்குக் கட்டுரையோடு விளம்பரப் பக்கமும் இருந்தது என்பதை மறத்தல் இயலாது. ஃபேஸ்புக் வழியே வந்து குவிந்த ஒரேமாதிரியான ஆதரவுக் கடிதங்களைக் கண்டு, கலந்தாய்வைத் திட்டமிட்ட வாக்கெடுப்பாக்கிவிட்டதாக ஆணையம் 2016 சனவரியில் கடிந்து எழுதியது.

சார்பை வெளிப்படுத்தும் விதி நாட்டில் இல்லாமல் இல்லை. ஒரு நிறுவனத்தில் ஊடகத்திற்குப் பங்கு இருப்பின், அந்நிறுவனம் பற்றிய செய்தியிலேயே அதனைக் குறிப்பிட வேண்டும் என்னும் நெறி, பங்குச் சந்தை வாரியத்தின் பரிந்துரையால் 2010இல் பத்திரிகை மன்றத்தால் ஏற்கப்பட்டது. ஆனால் இலவசப் பட்டியலில் ஓர் இடம் என்பது பங்கு அன்று. விதி பணத்தை அறிந்திருந்தது. வாசகர் வரும் வழியையும் சொத்தாகக் கருத அது அறியவில்லை. உடைமை வழியிலான பிணைப்போ இன்னும் நேரடியானது. பட்டியலிலிருந்த ஐபிஎன் லைவ் தளத்தின் தாய்க்குழுமமான நெட்வொர்க்18, 2014இல் ரிலையன்ஸ் இண்டஸ்டிரீஸ் வசமாயிற்று. (இது முன்னர்க் குறித்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் அன்று, தம்பியினது அது, அண்ணனது இது.) அவ்வண்ணனின் ஜியோ 2016 செப்டம்பரில் வணிகச் சேவையைத் தொடங்கியபோது, நாட்டின் பெரிய செய்திக் குழுமம் ஒன்றும் புதிய இணைய சேவை நிறுவனமும் ஒரே உடைமையில் இருந்தன.

தரவுக் கட்டணத்தில் தளங்களுக்கிடையே வேறுபாடு காட்டுவதை 2016 பிப்ரவரி 8ஆம் நாள் ஆணையம் தடை செய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்ச அளவு 50 இலட்சம் என அபராதம் குறிக்கப்பட்டது. சில நாள்களில் ஃபேஸ்புக் தன் திட்டத்தை இந்தியாவிலிருந்து விலக்கிக்கொண்டது. 2018 சூலையில் இணையச் சமநிலை நெறிகளை நடுவண் அரசு ஏற்றது. இவையனைத்தும் சேவை நிறுவனங்களைக் கட்டுப்படுத்தின. பட்டியலில் இடம்பெற்றிருந்த செய்தித்தாள்கள் அவற்றின் எல்லைக்குள் வரவில்லை.