‘சேஃப்டிக்கு ஒரு ஆன்டிபயாடிக்’ உண்மையிலேயே சேஃப்டியா? மருத்துவமனைகளில் பயன்பாட்டைக் குறைப்பது எப்படி? முழு விளக்கம்!

ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனதும் டிரிப்ஸ் ஏற்றுவார்கள். கூடவே ஒரு ஆன்டிபயாடிக் ஊசியும் போடுவார்கள். “எதுக்கும் சேஃப்டிக்கு இருக்கட்டும்னு போட்டிருக்கோம்” என்று சொல்லிவிட்டால், உடன் இருப்பவர்களுக்கும் நிம்மதி. ஆனால் அந்த ஊசி உண்மையிலேயே தேவைதானா? தேவை என்றால் எத்தனை நாளைக்கு? இந்த இரண்டு கேள்விகளைத்தான் இப்போது உலகம் முழுவதும் மருத்துவமனைகள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்கின்றன.

இந்தியாவில் நிலைமை என்ன?

மத்திய அரசின் தேசிய நோய் கட்டுப்பாட்டு மையம், 2021 நவம்பர் முதல் 2022 ஏப்ரல் வரை நாடு முழுவதும் 20 பெரிய மருத்துவமனைகளில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதில் 9,652 உள்நோயாளிகளின் விவரங்கள் ஆராயப்பட்டன.

* 71.9 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டிருந்தது.
* அதில் பாதிக்கும் மேல், அதாவது 55 சதவீதம், தொற்று வந்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே கொடுக்கப்பட்டவை.
* மீதி 45 சதவீதம் சிகிச்சைக்காகக் கொடுக்கப்பட்டவை. அதிலும் எந்தக் கிருமி என்று உறுதி செய்த பிறகு கொடுத்தது வெறும் 6 சதவீதம்தான்.

அதிகமா கொடுத்தா என்ன ஆகும்?

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவுக்கான மருந்து. சளி, ஃப்ளூ, டெங்கு போன்றவை வைரஸால் வருபவை. அவற்றின் மீது இந்த மருந்து வேலை செய்யாது.

தேவையில்லாமல் கொடுக்கும்போது உடம்பில் இருக்கும் சாதாரண பாக்டீரியாக்கள் சாகின்றன. மருந்தைத் தாங்கும் திறன் கொண்டவை மட்டும் தப்பித்துப் பெருகுகின்றன. அந்தத் திறனுக்கான மரபணுவை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றவும் முடியும். நோயாளிகள் நெருக்கமாக இருக்கும் வார்டிலும் ஐசியூவிலும் இப்படிப்பட்ட கிருமிகள் கைகள் வழியாகவும் கருவிகள் வழியாகவும் சுலபமாகப் பரவிவிடும்.

மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியா தொற்றே நேரடிக் காரணமாக 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ‘லான்செட்’ இதழில் 2022-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. சிசேரியன், மூட்டு மாற்று ஆபரேஷன், புற்றுநோய்க்கான கீமோதெரபி என எல்லாமே, தொற்று வந்தால் மருந்து இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நடக்கின்றன. அந்த மருந்து கைவிட்டால் சின்ன ஆபரேஷன்கூட ஆபத்தாகிவிடும்.

மருத்துவமனைகள் எப்படிக் குறைக்கின்றன?

இதற்கென்று ஒரு திட்டமே இருக்கிறது. மருத்துவர், நுண்ணுயிரியல் நிபுணர், மருந்தாளுநர், செவிலியர் ஆகியோர் ஒரே குழுவாகச் சேர்ந்து, யாருக்கு எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள் என்பதைக் கண்காணிப்பார்கள். மருந்தே கொடுக்காமல் இருப்பது இதன் நோக்கம் அல்ல. சரியான மருந்தைச் சரியான அளவில், தேவையான நாட்களுக்கு மட்டும் கொடுப்பதுதான் நோக்கம்.

1. முதலில் கல்ச்சர், அப்புறம் மருந்து: முதல் டோஸ் போடுவதற்கு முன்பே ரத்தம், சிறுநீர் போன்ற மாதிரியை எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். மருந்து ஏறிய பிறகு எடுத்தால் கிருமி ரிப்போர்ட்டில் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். அதேசமயம், ரத்தத்தில் தொற்று பரவி ‘செப்சிஸ் ஷாக்’ நிலையில் வருபவருக்கு ரிப்போர்ட் வரும் வரை காத்திருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போட்டாக வேண்டும்.

2. மூன்றாம் நாள் மறுபரிசீலனை: 48 முதல் 72 மணி நேரத்தில் லேப் ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும். அப்போது மருந்தைத் தொடரலாமா, மாற்றலாமா, நிறுத்தலாமா என்று முடிவெடுக்க வேண்டும். ஆரம்பித்த மருந்தை யாரும் திரும்பிப் பார்க்காமல் அப்படியே ஓடவிடுவதுதான் பெரிய பிரச்னை.

3. ஆபரேஷனுக்கு ஒரு டோஸ்: பெரும்பாலான ஆபரேஷன்களுக்கு, கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போடும் ஒரே டோஸ் போதும் என்கின்றன வழிகாட்டுதல்கள். தையல் ஆறும் வரை நாள்கணக்கில் கொடுப்பதால் கூடுதல் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

4. ஊசியிலிருந்து மாத்திரைக்கு: காய்ச்சல் குறைந்து, நோயாளி சாப்பிட ஆரம்பித்துவிட்டால் பல நேரங்களில் ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாறலாம். இதனால் நரம்பு ஊசி வழியாக வரும் தொற்று குறையும். சீக்கிரம் வீட்டுக்கும் போகலாம்.

5. கடைசி ஆயுதத்துக்குப் பூட்டு: உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஆன்டிபயாடிக்குகளை மூன்றாகப் பிரித்தது. முதலில் பயன்படுத்த வேண்டியவை, கவனத்தோடு பயன்படுத்த வேண்டியவை, கடைசிக் கட்டத்துக்கென ஒதுக்கி வைக்க வேண்டியவை. கோலிஸ்டின் மூன்றாவது வகை. இந்த மருந்துகளைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடர முடியாது என்ற விதி சில மருத்துவமனைகளில் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை கை கழுவுவது. தொற்றே வராவிட்டால் மருந்துக்கும் வேலை இல்லை.

சென்னைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ‘என்டிஎம்-1’ மரபணு பற்றி 2010-ல் வெளியான ஆய்வு பெரும் சர்ச்சையானது. அந்த ஆய்வில் சென்னையில் சேகரிக்கப்பட்ட மாதிரிகளும் இருந்தன. இதைத் தொடர்ந்து 2012-ல் இந்திய மருத்துவ அமைப்புகள் சென்னையில் ஒன்றுகூடி உருவாக்கியதுதான் ‘சென்னை பிரகடனம்’. உடனடித் தடை என்று கறாராக இல்லாமல், படிப்படியாகக் கட்டுப்படுத்தலாம் என்பதுதான் அதன் அணுகுமுறை.

2014 மார்ச் முதல் ‘எச்1’ பட்டியல் அமலுக்கு வந்தது. அதில் உள்ள மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நோயாளி பெயர், மருத்துவர் பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றை மருந்துக்கடையில் பதிவு செய்ய வேண்டும். 2018-ல் இதற்கென மாநில அளவிலான செயல்திட்டத்தை முதலில் கொண்டுவந்தது கேரளா. 2024 ஜனவரியில், ஆன்டிபயாடிக் எழுதும்போது அதற்கான காரணத்தையும் சீட்டில் குறிப்பிட வேண்டும் என மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது.

நோயாளியின் குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம்.

* இது பாக்டீரியா தொற்றா, வைரஸா?
* கல்ச்சர் டெஸ்ட் அனுப்பியிருக்கிறீர்களா?
* மொத்தம் எத்தனை நாள் கொடுப்பீர்கள்?
* ஊசிக்குப் பதில் மாத்திரை போதுமா?

இப்படிக் கேட்பது மருத்துவரைச் சந்தேகப்படுவது ஆகாது. ஆனால், ஆன்டிபயாடிக்கை நீங்களாகவே நிறுத்தவோ, “டிரிப்ஸோட ஒரு ஊசியும் போட்டு விடுங்க டாக்டர்” என்று வற்புறுத்தவோ வேண்டாம். போன தடவை மீதமான மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துப் போடவும் கூடாது. இன்று தேவையில்லாமல் போடும் ஒரு டோஸ், நாளை நிஜமாகவே தேவைப்படும்போது அந்த மருந்தைப் பலிக்காமல் செய்துவிடலாம்.