பறப்புக் கட்டுப்பாடுகளைச் சீரமைத்தல்

வீட்டில் கட்டும் சிறு விமானத்தில், கட்டுப்பாட்டுக் கோலின் அசைவும் மிதியின் அசைவும் ஐலெரான், எலிவேட்டர், ரடர் ஆகிய கட்டுப்பாட்டுப் பரப்புகளுக்குப் பிசகின்றிப் போய்ச்சேருமாறு இணைப்புகளைச் சரிசெய்யும் வேலை. வான்ஸ் ஆர்வி வகை விமானங்களில் ரடருக்கு எஃகு வடம். மற்ற இரண்டுக்கும் தள்ளுதண்டு.

ஐலெரானையும் எலிவேட்டரையும் வடம் இயக்கும் விமானங்களில், கோலை நடுநிலையில் பூட்டிய பிறகே டர்ன்பக்கிள் என்னும் திருகிணைப்பைத் திருகி வடத்தின் இழுவிசையைச் சரிசெய்வர். விரலால் அழுத்திப் பார்ப்பது போதாது, இழுவிசைமானி வேண்டும். அலுமினிய உடல் எஃகைவிட அதிகம் விரிவதால் வெயிலில் வடம் இறுகும், குளிரில் தளரும். டர்ன்பக்கிளுக்கு வெளியே 3 மரைகளுக்கு மேல் தெரியக்கூடாது. பிறகு பூட்டுக்கம்பி கட்டப்படும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது திசைச் சோதனை. கோலை வலப்புறம் சாய்த்தால் வலது ஐலெரான் மேலெழ வேண்டும். வடங்கள் இடம் மாறியிருந்தாலும் இழுவிசைமானி சரியாகவே காட்டும். விமானமோ எதிர்ப்பக்கம் சாயும். ஆகவே கட்டியவரோடு இன்னொருவரும் இதைச் சோதிப்பது அவசியம்.