மீஸான் கல்லும் குடும்ப ஏடும்: முன்னோர் அடக்கத்தலங்களைத் தேடி

மதீனாவில் வஃபாத்தான முஹாஜிர்களுள் ஜன்னத்துல் பகீஃயில் முதலாவதாக அடக்கம் செய்யப்பட்டவர் உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்கள். அடக்கம் முடிந்ததும் ஒரு கல்லைக் கொண்டுவருமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவரைப் பணித்தார்கள். அவரால் அதைத் தூக்க இயலவில்லை. அண்ணலாரே எழுந்து, சட்டைக் கைகளை மடித்துக்கொண்டு, அக்கல்லைச் சுமந்து வந்து தலைமாட்டில் வைத்தார்கள். தம் சகோதரரின் கப்றை அடையாளங் காணவும், தம் குடும்பத்தில் இறப்போரை அதனருகே அடக்கவும் அவ்வாறு செய்வதாகக் கூறினார்கள். அபூதாவூதில் இடம்பெறும் செய்தி இது.

கப்றைக் காரை பூசுவதையும் அதன்மேல் கட்டடம் எழுப்புவதையும் தடுத்த அதே நபியவர்கள்தாம், கல்லொன்றை அடையாளமாக நட்டும் வைத்தார்கள் என்பதை நாம் சேர்த்தே நோக்க வேண்டும். அடையாளம் வேறு, ஆடம்பரம் வேறு. கல்லில் எழுதுவது வெறுக்கத்தக்கது என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் பொதுக் கருத்தாயினும், கப்றை அறிந்துகொள்ளத் தேவையான அளவில் பெயரை மட்டும் எழுதுவதைப் பிற்கால அறிஞர் சிலர் அனுமதித்துள்ளனர். உறவைப் பேணும் அளவுக்கு வம்ச வரலாற்றைக் கற்குமாறும் நபிமொழி ஏவுகிறது. அதே வேளையில், இறந்தோரையும் எண்ணிப் பெருமை பேசுவோரைக் கண்டித்தே ‘தகாஸுர்’ அத்தியாயம் இறங்கிற்று என்று முஃபஸ்ஸிர்களில் ஒரு சாரார் கூறுவர். இவ்விரு எல்லைகளுக்குள் நின்றே முன்னோரின் அடக்கத்தலங்களை நாம் தேட வேண்டும்.

வரலாற்றாசிரியர்களின் வழி

இத்தேட்டம் நம் அறிவு மரபுக்குப் புதிதன்று. கதீப் அல்பக்தாதி (ரஹ்) தம் ‘தாரீகு பக்தாத்’ நூலில் அந்நகரின் மையவாடிகளுக்கெனத் தனி இயல் ஒதுக்கினார். இப்னு கல்லிகான் (ரஹ்) ‘வஃபயாத்துல் அஃயான்’ நூலில் பிறந்த ஆண்டு தெரியாதவருக்கும் இறந்த ஆண்டைத் தேடிக் குறித்தார். இயன்றவிடத்தெல்லாம் அடக்கமான இடத்தையும் எழுதினார். கெய்ரோவின் கராஃபா மையவாடிக்கு இப்னுஸ் ஸய்யாத் எழுதிய வழிகாட்டி நூல், கப்று கப்றாக வாசகரை அழைத்துச் செல்வது.

நம் கடற்கரைகளிலோ கற்கள் மிஞ்சின, நூல்கள் அருகின. காயல்பட்டினத்தின் பழைய மீஸான் கற்களை மெஹர்தாத் ஷுகூஹி போன்ற ஆய்வாளர்கள் படித்துப் பதிப்பித்துள்ளனர். கொழும்பில் கிடைத்த கூஃபி எழுத்துக் கல் இன்னும் தொன்மையானது; ஹிஜ்ரி 337 (கி.பி. 948) என்று ஆண்டு பொறித்தது. சர் அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டன் கவனத்துக்குக் கொண்டுவந்த அக்கல்லின் வாசகம், சாமுவேல் லீயின் மொழிபெயர்ப்புடன் 1827இல் வெளியாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு அதிகாரி ஒருவர் கட்டடத் தேவைக்காக அதை மையவாடியிலிருந்து பெயர்த்தெடுத்தார் என்பர். கல்லுக்குரியவரின் பெயர் இன்று உலகறிந்தது. அவர் துயிலும் இடத்தையோ எவரும் அறியார். பெயர்க்கப்பட்ட கல் பாதிச் சாட்சியம்தான்.

பிறந்த ஊரிலேயே அடக்கத்தலம் இருக்கும் என்றெண்ணுவதும் பிழை. காயலில் பிறந்த ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) (ஹிஜ்ரி 1042–1115) கீழக்கரையில் அடங்கியுள்ளார்கள். அவர்களின் மாணவர் உமறுப் புலவர் எட்டயபுரத்தில் துயில்கிறார். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளியுடன் பெயர் இணைந்த காதிர் முஹ்யித்தீன் மரைக்காயர் 1834இல் மறைந்து அந்தத் தீவிலேயே அடக்கமானார். கல்வியும் வணிகமும் மணவுறவும் மனிதரை எங்கு இட்டுச் சென்றனவோ, மண்ணும் அங்கேயே வாய்த்தது.

ஏட்டின் மொழி

நம் வீடுகளில் குடும்ப வரலாறென்று தனி நூல் இருப்பது அரிது. கிதாபுகளின் வெற்றுத் தாள்களிலும், மவ்லிது ஏடுகளின் ஓரங்களிலும், கணக்குப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களிலும் பிறப்பு இறப்புகளை அறபுத்தமிழில் குறித்து வைத்தனர் நம் பெரியோர். அவற்றைப் படிக்க எழுத்தறிவு மட்டும் போதாது; வழக்கறிவும் வேண்டும்.

ரபீஉல் அவ்வலை ‘மௌலூதுப் பிறை’ என்றும், ரபீஉல் ஆகிரை ‘முஹ்யித்தீன் ஆண்டவர் பிறை’ என்றும், ஜுமாதல் ஆகிரை ‘நாகூர் ஆண்டவர் பிறை’ என்றும் எழுதுவர். ‘வெள்ளி இராவு’ என்றால் வியாழன் மாலை மங்கிய பின் வரும் இரவு. நம் நாள் மஃரிபில் தொடங்குவதன்றோ! ஆண்டை எண்ணால் எழுதாமல், அப்ஜத் முறையில் சொல்லாகவே எழுதுவதும் உண்டு. தென்மாவட்டப் பத்திரங்களிலோ கொல்லம் ஆண்டு வரும்.

எங்கள் குடும்பத்து ‘ஃபத்ஹுல் முஈன்’ பிரதியின் முன்தாளில் இத்தகைய குறிப்பொன்று உள்ளது. என் பாட்டனாரின் பாட்டனாரைப் பற்றி அவருடைய தம்பி எழுதியது. ‘காக்கா வஃபாத்து, முஹ்யித்தீன் ஆண்டவர் பிறை 13, வெள்ளி இராவு, பெரிய வேம்புக்குக் கிழக்கே’ என்பது வாசகம். ஆண்டிருக்க வேண்டிய இடத்தில் ‘கஃபூர்’ என்ற ஒரே சொல். இறைவனின் திருநாமம் துஆவாக எழுதப்பட்டது என்றே என் தந்தையார் கருதியிருந்தார்கள். எழுத்துகளின் எண்ணைக் கூட்டிப் பார்த்தேன்: கைன் 1000, ஃபா 80, வாவ் 6, ரா 200, ஆக 1286. அவ்வாண்டு ரபீஉல் ஆகிர் 13ஐக் கணக்கிட்டால் 1869 ஜூலை 23, வெள்ளிக்கிழமை வருகிறது. ஆக, அவர் மறைந்தது ஜூலை 22 வியாழன் இரவு. துஆவும் ஆண்டும் ஒரே சொல்லில் அடங்கியிருந்தன.

காலம் கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. தந்தைவழி மஹல்லாவின் மையவாடியில் பல ஆண்டுகள் தேடினேன். அங்கே வேம்பே இருந்ததில்லை என்றனர் முதியோர். விடை தந்தது கொல்லம் 1045 தை மாதத்து வீட்டுப் பத்திரம் ஒன்று. இத்தா முடிந்த அவர் மனைவி, தம் வீட்டை மகளுக்கு எழுதிவைத்த பத்திரம் அது. மணமான ஆண் மனைவி வீட்டில் வாழ்வது எங்கள் கடற்கரை வழக்கம். அந்த வீடு இருந்ததோ வேறு மஹல்லாவில். நான் தேடியது அவர் பிறந்த தெருவை. அவர் வாழ்ந்ததும் இறந்ததும் மனைவியின் தெருவில். மற்றொன்றையும் அப்பத்திரம் தந்தது. கிதாபின் தாள்களில் ஆண்களின் பெயர்களே நிறைந்திருக்க, அந்தப் பெருமாட்டியின் பெயரை நான் முதன்முதலாகக் கண்டது அதில்தான்.

அந்த மஹல்லாவில் கப்று வெட்டும் முதியவரிடம் வேம்பைப் பற்றி வினவினேன். 1964ஆம் ஆண்டுப் புயலில் அது சாய்ந்ததைச் சிறுவயதில் கண்டதாகக் கூறி, இடத்தைக் காட்டினார். கிழக்கே கற்கள் ஒன்றுமில்லை. முன்பு நிலத்தைச் சமன் செய்தபோது அவற்றை அகற்றி, ஹவ்ழின் படிகளுக்கு இட்டுவிட்டார்களாம். ஒளூச் செய்வோர் மிதிக்கும் படியொன்றில் தேய்ந்த அலிஃபும் லாமும் இன்னும் தெரிகின்றன. எவருடைய கல் அது? யாரிடம் கேட்பது?

செய்ய வேண்டியது

ஜமாஅத்தினரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. உடல் முற்றிலும் மண்ணான பின் பழைய இடத்தில் புதிய மையித்தை அடக்க மார்க்கம் இடமளிக்கிறது. ஊர் பெருகியது, நிலம் பெருகவில்லை. இடத்தை மீண்டும் பயன்படுத்துவது தவறன்று. எழுதி வைக்காமல் அழிப்பதே தவறு. கல்லை அகற்றுமுன் அதன் வாசகத்தைப் படியெடுத்து, இருந்த இடத்தை வரைபடத்தில் குறித்தால் போதும். ஜமாஅத் பதிவேட்டில் இறந்தவரின் பெயருடன் தாயின் பெயரையும், அடக்கமான பகுதியையும் சேர்க்கலாம். அறபுத்தமிழ் படிக்கத் தெரிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே, வீட்டுக் கிதாபுகளின் வெற்றுத் தாள்களைப் படித்துக்காட்டச் சொல்லி இளையோர் எழுதிக்கொள்ள வேண்டும். பழைய கிதாபென்று அவற்றைக் கட்டிப் போடுவோர் குடும்ப வரலாற்றையும் சேர்த்தே கட்டிப் போடுகின்றனர்.

அன்று வேம்பு நின்ற இடத்தில் நின்று, கிழக்கே துயிலும் அனைவருக்கும் பொதுவாக ஸலாம் உரைத்தேன். என் முன்னோரின் கப்று எதுவென்று எனக்குத் தெரியாது. ஆயினும், ‘கஃபூர்’ என்று எழுதிய அந்தத் தம்பியின் துஆவை நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் என்னால் ஓத முடிந்தது. பாட்டியாரின் பெயரையும் அதில் சேர்த்துக்கொண்டேன். வீடு திரும்பியதும் கிதாபின் அதே தாளில், அவர் பெயருக்குப் பக்கத்தில், அதையும் எழுதி வைத்தேன்.