மூச்சா, நாடியா?

போன வருசம் மெர்லிமாவிலிருந்து பாட்டியைப் பித்தப்பை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனோம். கத்தியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "மயக்கம் குடுத்தா திரும்ப எந்திரிப்பேனாய்யா?" என்றுதான் கேட்டார்.

தோட்டத்து ஆளின் அறியாமை என்று சிரித்துவிட முடியாது. எடின்பரோவில் சிம்சன் 1847 நவம்பரில் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தினார். 1848 ஜனவரி 28-இல் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகம் எடுக்கப் போன இடத்தில் அதை முகர்ந்து சில நிமிடங்களில் இறந்தாள். முதலில் நின்றது மூச்சா, இதயமா? மருத்துவர்கள் நாற்பது வருசம் சண்டை போட்டார்கள்.

என் தொழிலில் இதை எந்த மீட்டரைப் பார்ப்பது என்ற கேள்வியாகத்தான் கேட்போம். நாடியைப் பிடி என்றது லண்டன். ஹைதராபாத் ரெசிடென்சி மருத்துவர் எட்வர்ட் லாரி, மூச்சை மட்டும் பார் என்றார். 1888-இல் நாய்களை வைத்துச் சோதித்தார். மூச்சுதான் முதலில் நின்றது. 'லான்செட்' இதழ் நம்பவில்லை. நிஜாம் மகபூப் அலி கான் 1,000 பவுன் கொடுத்து, "நீங்களே ஆள் அனுப்பிப் பாருங்கள்" என்றார். 1889-இல் லாடர் பிரண்டன் வந்தார். இதயக் கட்சிக்காரர். நூற்றுக்கணக்கான விலங்குகள் செத்த பிறகு அவரும் லாரி பக்கம் சாய்ந்துவிட்டார்.

அதே 1889-இல் ஹைதராபாத் மருத்துவப் பள்ளியில் படிப்பை முடித்தவர் ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்ற பார்சிப் பெண். உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர் என்று அவரைச் சொல்கிறார்கள். குளோரோஃபார்ம் கொடுத்து, நோயாளியின் மூச்சைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றவர். லாரிக்குப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் இவருக்கு ஒரு வரி ஒதுக்கினார்கள்.

1911-இல் கதை திரும்பியது. பூனைகளை வைத்து ஆராய்ந்த குட்மன் லெவி, மயக்கம் லேசாக இருக்கும்போது அட்ரினலின் ஏறினால், குளோரோஃபார்ம் இதயத்தைத் திடீரெனத் துடிதுடித்து நிற்கவைக்கும் என்று காட்டினார். அட்ரினலின் என்பது பயந்தால் உடம்பே சுரப்பது. ஹன்னாவும் பயந்துபோய்த்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூச்சைப் பார்க்கச் சொன்ன லாரி தப்பில்லை. இதயத்துக்கு ஆபத்தே இல்லை என்றாரே, அதுதான் தப்பு. ஒரு சோதனை பாஸானதும் மெஷின் முழுக்கச் சரி என்று நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

குளோரோஃபார்ம் இப்போது கிடையாது. திரையில் மூச்சுக்கு ஒரு கோடு, இதயத்துக்கு ஒரு கோடு. அதைப் பாட்டிக்கு விளக்கினேன். "அந்தக் கோட்டைப் பாத்துக்கிட்டே ஒரு ஆளு இருக்குமா?" என்றார். இருப்பார் என்றேன். அதன் பிறகுதான் தாதியிடம் கையை நீட்டினார்.