மெழுகும் எண்ணெயும்

கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒரு என்.சி.சி. முகாமுக்குப் போயிருந்தேன். டிசம்பர் மாதம், மலையடிவாரம். சுட்டு முடித்த பாயிண்ட் டூ டூ ரைபிள்களைத் துடைத்து ஒப்படைப்பது எங்கள் பிரிவின் வேலை. கயிற்று நுனியில் துணியைக் கோத்துக் குழலுக்குள் விட்டு இழுக்க வேண்டும். கரி போன பிறகு எண்ணெய் தொட்ட துணி ஒருமுறை. எங்கள் முறை வந்தபோது எண்ணெய் டப்பா காலி. போய்க் கேட்கப் பயம். நண்பன் தன் பையிலிருந்து தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயை எடுத்தான். பளபளவென்று துடைத்து வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் காலைக் குளிரில் அந்த எண்ணெய் வெள்ளையாக உறைந்து, போல்ட் இழுபட மறுத்தது. ஹவில்தார் மோந்து பார்த்தார். "ஏன்டா, சடை பின்னிப் பூ வைக்கலையா?" எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "எண்ணெய் இல்லன்னா இல்லன்னு சொல்லணும். என்னத்தத் தடவினேன்னும் சொல்லணும். அடுத்தவன் கையில எடுக்கிற சாமான்டா இது."

பல வருஷம் கழித்து 1857 பற்றி வாசித்தபோது அந்தக் கடைசி வாக்கியம் நினைவுக்கு வந்தது. பசு, பன்றிக் கொழுப்பு தடவிய தோட்டா என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துவிடுவோம். அந்தக் கொழுப்புக்கு மாற்றாக எதைத் தடவலாம் என்று சிப்பாய்களே முதல் நாளிலேயே சொல்லிவிட்டார்கள் என்பது பாடத்தில் இல்லை.

முதலில், கொழுப்பு எதற்கு? பழைய மஸ்கெட் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. குண்டு அதைவிடச் சிறியது. வாய்வழியாகப் போட்டால் தளர்வாக இறங்கிவிடும், மசகு வேண்டாம். அதற்குப் பதிலாக வந்த 1853ஆம் வருட மாதிரி என்ஃபீல்டு ரைபிளின் குழலில் மூன்று முறுக்குப் பள்ளங்கள். குழல் விட்டம் .577 அங்குலம், குண்டு .568. இடைவெளி அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் காலக் கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் கரியும் உப்புமாக மிஞ்சும், அதில் ஒரு பகுதி குழலிலேயே ஒட்டும். சில முறை சுட்டதும் அது இறுகி, அடுத்த குண்டு உள்ளே இறங்காது. அதனால் குண்டு இருக்கும் முனையில், காகித உறைக்கு மேலேயே கொழுப்பும் மெழுகும் பூசினார்கள். ஒவ்வொரு குண்டும் இறங்கும்போதே முந்தைய கரியை இளக்கிவிடும். நல்ல யோசனைதான். பற்களால் கடித்துத் திறப்பது மருந்து இருக்கும் மறுமுனையை என்று வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு. கல்கத்தா வெயிலில் தோல் பைக்குள் ஒன்றோடொன்று உரசிக் கிடக்கிற தோட்டாக்களில் எந்த முனை எந்த முனை?

இதை முன்கூட்டியே யோசித்த ஒருவர் இருந்தார். 1853இல் தட்பவெப்பச் சோதனைக்காகப் பூசிய தோட்டாக்கள் இங்கிலாந்திலிருந்து வந்தபோது, வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரலாக இருந்த கர்னல் டக்கர் எழுதினார்: பூச்சு யாருடைய சாதிக்கும் மதத்துக்கும் உறுத்தாதது என்று தெரியாதவரை ஐரோப்பியப் படைகளுக்கு மட்டும் கொடுங்கள். அந்தக் கடிதம் யாரையும் அசைக்கவில்லை.

1857 ஜனவரி, கல்கத்தா அருகே டம்டம். ஆயுதக் கிடங்கில் வேலை செய்த, தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு தொழிலாளி பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் குடிக்கத் தண்ணீருக்காக லோட்டாவைக் கேட்கிறார். சிப்பாய் மறுக்கிறார். கொஞ்ச நாளில் பசுக் கொழுப்பையும் பன்றிக் கொழுப்பையும் கடிக்கப் போகிறாய், அப்போது உன் சாதி எங்கே போகும் என்கிறார் தொழிலாளி. தலித் வரலாற்று எழுத்துகள் இவரை மாதாதீன் என்று அழைக்கின்றன. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த மனிதர் இவர்தான். தோட்டாவில் என்ன பூசுகிறார்கள் என்பது அதைக் கையால் தொட்டு வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர் கொடுக்காத கைக்கு அந்தச் செய்தியை அவர் கொடுத்தார்.

ஜனவரி 22ஆம் தேதி செய்தி அதிகாரிகளுக்குப் போனது. மேஜர் போன்டீன் இந்தியச் சிப்பாய்களை அணிவகுக்கச் செய்து, குறை இருந்தால் சொல்லுங்கள் என்றார். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் முன்னே வந்தார்கள், இந்திய அதிகாரிகள் எல்லோரும் உட்பட. கலகம் செய்ய அல்ல. மிகப் பணிவாக ஒரு தீர்வையும் சொன்னார்கள்: மெழுகும் எண்ணெயும் கலந்து பூசலாமே.

ஆயுதக்காரர்களின் பேச்சு இது. எண்ணெய் மட்டும் என்றால் வழிந்து மருந்தை நனைக்கும். மெழுகு மட்டும் என்றால் எளிதில் இளகாது. இரண்டும் சேர்ந்தால் வெயிலிலும் நிற்கும், கரியையும் இளக்கும். தேங்காய் எண்ணெயோடு நிறுத்திக்கொண்ட எங்களைவிட அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

பாரக்பூரின் தளபதி ஹியர்சேவும் அதையே பரிந்துரைத்தார். பூச்சில்லாத தோட்டாவைக் கொடுப்போம், வேண்டியதைக் கடைத்தெருவில் வாங்கி அவர்களே தடவிக்கொள்ளட்டும். ஜனவரி 27இல் அரசு ஒப்புக்கொண்டது. ஒரு வாரம்கூட ஆகவில்லை. எந்த அரசு இவ்வளவு வேகமாகக் குறை தீர்த்திருக்கிறது? ஆனால் பஞ்சாப் பக்கத்துப் பயிற்சிக் களங்களுக்குத் தந்தி போனதும், அட்ஜுடன்ட் ஜெனரல் அலுவலகம் மறுத்தது: ஆட்டுக் கொழுப்பும் மெழுகும் பூசியவற்றை நம் சிப்பாய்கள் வருஷக்கணக்காகப் பயன்படுத்துகிறார்கள், இப்போது நிறுத்தினால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். அப்படியானால் ஆட்டுக் கொழுப்பு இருக்கட்டும் என்று அரசு இறங்கி வந்தது.

இரண்டு தரப்பும் சொன்னது ஒருவகையில் சரி. அதுதான் சிக்கல். பூச்சை நிறுத்தினால், 'அப்போ முன்னாடி ஏதோ இருந்திருக்கு'. நிறுத்தாவிட்டால், 'இன்னமும் இருக்கு'.

பிப்ரவரி 6இல் பாரக்பூரில் விசாரணை நடந்தபோது பேச்சு கொழுப்பிலிருந்து காகிதத்துக்கு நகர்ந்திருந்தது. புதிய காகிதம் பளபளக்கிறது, விறைப்பாக இருக்கிறது, பழைய சேராம்பூர்க் காகிதம் மாதிரி இல்லை. எரித்தால் கொழுப்பு வாடை வருகிறது என்றார் ஒரு சாட்சி. அதிகாரிகள் முன்னால் எரித்தும் காட்டினார்கள், வாடை வரவில்லை. நம்பிக்கையும் வரவில்லை. மார்ச்சில் பயிற்சி முறையையே மாற்றினார்கள்: கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும். அதுவும் ஒப்புதல் வாக்குமூலம் போலவே கேட்டிருக்கும்.

சிப்பாய்களின் பயத்தை மூடநம்பிக்கை என்று சொல்லும் வெள்ளைக்கார எழுத்துகள் நிறைய உண்டு. அதே மார்ச்சில் ஆயுதத் துறை அதிகாரி ஒருவர் ராணுவ நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். கொழுப்பு ஒப்பந்தக்காரர் கொடுத்தது. எந்த மிருகத்துடையது என்று யாரும் விசாரிக்கவில்லை. வதந்தி என்று இரண்டு மாதமாக மறுத்துக்கொண்டிருந்தவர்களிடம் உண்மையில் பதிலே இல்லை. மறைத்தார்கள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கேட்கவேண்டிய கேள்வி என்றே அவர்களுக்குப் படவில்லை.

நம் பக்கத்தில் இது அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்திருந்தது. 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டை. அப்போது தோட்டா இல்லை, புதுத் தலைப்பாகை. அதில் வைத்த தோல் குஞ்சம் பசுத் தோலா, பன்றித் தோலா என்று யாரும் சிப்பாய்க்குச் சொல்லவில்லை.

மீரட்டில் ஏப்ரல் 24 காலை, மூன்றாம் குதிரைப்படையின் கர்னல் கார்மைக்கேல் ஸ்மித் 90 வீரர்களை அழைத்துப் புதிய முறையைக் காட்டினார். கடிக்க வேண்டாம், கிழியுங்கள். கொடுத்தவையும் என்ஃபீல்டு தோட்டாக்கள் அல்ல, அவர்கள் அதுவரை பயன்படுத்திய பழையவையே. 85 பேர் தொட மறுத்தார்கள். மே 9 அன்று முழுப் படையின் முன்னால் அவர்களுடைய சீருடையைக் களைந்து காலில் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மாலை மீரட் எரிந்தது.

அந்தப் போரின் வெயிலில் ஆங்கிலேயர்கள் கையிலிருந்த என்ஃபீல்டுகளும் அடைத்துக்கொண்டன. கொழுப்பு உருகி வடிந்துவிட, குண்டு பாதிக் குழலில் நின்றது. பிறகு குண்டின் விட்டத்தை .55 அங்குலமாகக் குறைத்தார்கள். பூச்சில் கொழுப்பை ஒதுக்கித் தேன்மெழுகுக்கு மாறினார்கள். சாதி, மதம் எதையும் கருதி அல்ல. கொழுப்பு வெயிலில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.