57 நாட்களை எண்ணியவர் யார்?

செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரம் பக்கத்தில் திருநாதர்குன்று. பாறையில் செதுக்கிய 24 தீர்த்தங்கரர்களைப் பார்க்கத்தான் பெரும்பாலும் போவார்கள். என்னை இழுத்தது அங்கிருக்கும் ஒரு சின்னக் கல்வெட்டு. தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலம், சுமார் 6-ஆம் நூற்றாண்டு. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்தார், இது அவருடைய நிசீதிகை. அவ்வளவுதான் விஷயம். நிசீதிகை என்றால் அப்படி நோன்பிருந்து உயிர்விட்டவரின் நினைவிடம். அதே குன்றில் பிற்காலத்தில் இளைய பட்டாரர் 30 நாள் இருந்ததற்கும் கல்வெட்டு உண்டு.

என்ன நோய், எத்தனை வயது, எதுவும் கல்லில் இல்லை. ஆனால் நாள் கணக்கு இருக்கு. அப்படின்னா பக்கத்தில் இருந்து யாரோ தினமும் எண்ணியிருக்கணும், இல்லையா? எங்க தொழில்ல இதை 'லாக்' என்போம். ரகசியமா நடந்த சாவுக்கு லாக் இருக்காது.

சமணர்கள் இதைச் சல்லேகனை என்பார்கள். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் இதற்கு விதி வகுக்கிறது. தவிர்க்க முடியாத இடர், பஞ்சம், மூப்பு, தீராத நோய் என்ற நிலைகளில் மட்டுமே அனுமதி. உணவைப் படிப்படியாகத்தான் குறைக்கணும். எனக்கு முக்கியமாகப் பட்டது அதில் வரும் குற்றப் பட்டியல். இன்னும் வாழணும்னு ஏங்குவது குற்றம். சீக்கிரம் செத்துப்போகணும்னு ஏங்குவதும் குற்றம்! குருவின் சம்மதமும் வேணும். சமந்தபத்திரருக்கே கொடிய நோய் வந்து சல்லேகனை கேட்டபோது, செய்ய வேண்டிய பணி பாக்கி இருக்கிறது என்று குரு மறுத்துவிட்டார் என்பது சமண மரபில் வழங்கும் கதை.

இதையும் தென்மாவட்டங்களில் பேசப்படும் தலைக்கூத்தலையும் சிலர் 'கண்ணியமான சாவு' என்று ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. தலைக்கூத்தலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது வீட்டார், நாள் குறிப்பதும் வீட்டார். படுத்திருக்கும் கிழவியை யார் கேட்டார்கள்?

2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக்குச் சமம் என்றது. அதே மாதம் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. 2018 மார்ச் 9-இல் வேறொரு வழக்கில், கண்ணியத்தோடு இறப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவுக்குள் வரும் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. மீள வழியில்லாத நிலையில் செயற்கை சுவாசம் போன்ற சிகிச்சைகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். உண்ணாநோன்பும் இதுவும் ஒன்றல்லதான். ஆனால் இங்கேயும் கேள்வி அதேதான்: முடிவு அவருடையதுதானா, அதற்கு யார் சாட்சி?

2018 விதிப்படி இரண்டு சாட்சிகளோடு மாஜிஸ்திரேட்டும் கையெழுத்துப் போடணும். ஒரு உயிலுக்குக்கூட இவ்வளவு கெடுபிடி கிடையாது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது மாஜிஸ்திரேட்டுக்குப் பதில் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும். சாட்சிகள் இரண்டு பேர் மட்டும் அப்படியே இருக்கிறார்கள்.