எட்டாவது வாக்கு: பிரெஞ்சு யூரர் சட்டமும் புவாசோனின் கணிப்பும்

சட்டமொன்றைத் திருத்தியதால் விளைந்தது யாது என்பதை அச்சட்டத்தின் வாசகத்தைக் கொண்டு மட்டும் அறிதல் இயலாது. வழக்குகளின் முடிவுகளை ஆண்டுதோறும் ஒரே வகுப்புமுறையிற் பதிந்து வைத்தாலன்றி அவ்வினாவுக்கு விடையில்லை. பிரெஞ்சு நீதியமைச்சு 1827 இல் முதன்முறையாக வெளியிட்ட குற்றவியல் நீதி பற்றிய பொது அறிக்கை அத்தகைய பதிவேயாகும். நிர்வாகத் தேவைக்கெனத் தொகுக்கப்பட்ட அவ்வட்டவணைகளைச் சட்ட ஆய்வின் கருவியாக மாற்றியவருள் கணிதவியலாளர் சிமியோன் டெனி புவாசோன் தலையாயவர்.

1837 இல் வெளிவந்த அவரது நூல் 1825 முதல் 1830 வரையிலான ஆறாண்டுகளை முதலில் எடுத்துக்கொள்கிறது. அக்காலத்தில் யூரர் முன் நிறுத்தப்பட்டோர் 42,300 பேர். குற்றவாளிகளாகக் காணப்பட்டோர் 25,777 பேர். அதாவது நூற்றுக்கு 61. யூரரும் வழக்குகளும் மாறிக்கொண்டேயிருக்க, இவ்விகிதமோ எந்த ஆண்டிலும் 59 இற்குக் கீழிறங்கவில்லை; 63 ஐ எட்டவுமில்லை. ஆயின் குற்றத்தின் வகைப்படி பிரித்தால் வேறொரு தோற்றம் புலனாகும். சொத்துக்கெதிரான குற்றங்களில் நூற்றுக்கு 66 பேர் கண்டிக்கப்பட, ஆளுக்கெதிரான குற்றங்களில் 48 பேரே கண்டிக்கப்பட்டனர்.

பன்னிரு யூரருள் எழுவரின் வாக்கு அதுவரை போதியதாயிருந்தது; அத்தகைய நிலையில் நீதிபதிகளும் தம் முடிவைச் சேர்ப்பர். 1831 மார்ச் 4 ஆந் திகதிய சட்டம் எட்டு வாக்குகளை வேண்டிற்று. அவ்வாண்டு 7,606 பேரில் 4,098 பேரே கண்டிக்கப்பட்டனர். விகிதம் 54 ஆகத் தாழ்ந்தது. முன்னர் நூற்றுக்கு ஏறத்தாழ எழுவர் அந்த ஒரு வாக்கினாலேயே குற்றவாளிகளாயினர் என்பது புவாசோனின் முடிவு.

அடுத்து நிகழ்ந்ததே ஊன்றி நோக்கத்தக்கது. 1832 ஏப்ரிற் சட்டம் தண்டனையைத் தணிக்குஞ் சூழ்நிலைகள் உண்டெனக் கூறும் உரிமையை யூரருக்கு அளித்தது. எட்டு வாக்கு விதி மாறவில்லை. எனினும் 1832 இலும் 1833 இலும் விகிதம் 59 ஆக உயர்ந்தது. கடுந்தண்டனைக்கு அஞ்சி முன்னர் விடுவித்தோர், தண்டனை தணியுமெனக் கண்டதும் கண்டிக்கத் துணிந்தனர் போலும். 1830 ஐயும் 1833 ஐயும் மட்டும் ஒப்பிடுவோன் இரு சட்டங்களாலும் யாதும் நிகழவில்லையென்றே எண்ணுவான்.

கண்டிக்கப்பட்டவன் உண்மையிற் குற்றஞ்செய்தவனா என்பதை எண்கள் கூறா. புவாசோனும் அதனை உணர்ந்தே, குற்றவாளி என்பதற்குக் கண்டிக்கத்தக்கவன் என்ற பொருளையே கொண்டார். எனினும் 1836 இல் விஞ்ஞானக் கழகத்திற் புவான்சோவும் சார்ல் டூப்பனும், ஒழுக்கஞ் சார்ந்த விடயங்களிற் கணிதம் புகலாகாதென எதிர்த்தனர். ஒரே அறையிற் கலந்துரையாடும் யூரரைத் தனித்தனி முடிவெடுப்போராகக் கணிப்பது வலுவற்ற எடுகோள் என்பதும் மறுத்தற்கரியது. அட்டவணைகள் காட்டிய ஏற்ற இறக்கத்தை அக்குறை அழித்துவிடவில்லை.

இதற்கிடையிற் சட்டமன்றம் முந்திக்கொண்டது. 1835 யூலையில் லூயி பிலிப் மன்னரைக் கொல்ல நடந்த முயற்சியை அடுத்துச் செப்டெம்பரில் எழுவர் வாக்கே போதுமென மீண்டும் விதிக்கப்பட்டது. ஏழுக்கு ஐந்தான முடிவு பிழைபடும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழில் இரண்டு என்ற லாப்பிளாசின் கணிப்பை அறாகோ சபையில் எடுத்துரைத்தும் பயனில்லாது போயிற்று. புவாசோனின் நூல் அதற்கு ஈராண்டுகள் பின்னரே அச்சேறியது.